வெற்றிலைக்குப் பிறகு விரித்த வரைபடம்

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியர் இருந்தார். ஊராட்சித் தலைவியின் கணவர் இருந்தார். தலைவி இல்லை, அவரை எந்தக் கூட்டத்திலும் நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரிலிருந்து கிளம்பிப் போய் பனியன் கம்பெனி வைத்து முன்னேறி, ஊரே 'திருப்பூரார்' என்று கூப்பிடுகிற பெரியவர் இருந்தார். அவர் கோயம்புத்தூரிலிருந்து அழைத்து வந்திருந்த கட்டட வடிவமைப்பாளர், என்னைவிட ஓரிரு வயது மூத்த பெண், மடிக்கணினியோடு இருந்தார். தலைக்கட்டுகள் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம். வரி போடவும் ஆள் எண்ணவும் எங்களுக்கு அதுதான் அளவு. குடும்பத்துக்காக வந்து நிற்பவரையும் அப்படியே சொல்வோம். என் அப்பா அவர்களில் ஒருவர். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர் என்கிற முறையில் நானும் இருந்தேன்.

அம்மாக்கள் ஒருவர்கூட இல்லை. நூறு நாள் வேலைக்கு ஓடைக்கரைக்குப் போயிருந்தார்கள். காலையில் அங்கே கைபேசியில் படம் எடுப்பார்கள். படத்தில் இல்லாதவருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. அறிவியல் டீச்சர் இல்லை, பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இல்லை. கூப்பிடு தூரத்தில், ஓட்டுக் கட்டடத்துக்குள் திருப்புதல் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் தங்கை. அன்று மரத்தடியில் பேசியது முழுக்க அவளைப் போன்ற பிள்ளைகளைப் பற்றித்தான். பேசியவர்கள் நாங்கள்.

எங்கள் ஊர் சாணார்பட்டிக்குக் கிழக்கே இருக்கிறது. கிணறு இருப்பவர்களுக்கு மல்லித் தோட்டம், இல்லாதவர்களுக்கு மானாவாரிச் சோளம். அரசு உயர்நிலைப் பள்ளியாக இருந்ததை மேல்நிலைப் பள்ளியாக உயர்த்திச் சில வருடம்தான் ஆகியிருந்தது. பிளஸ் ஒன்னில் கணக்குப் பதிவியலும் வணிகவியலும் உள்ள ஒரே பிரிவு. அறிவியல் பிரிவு கேட்டால், ஆய்வகம் இருக்கிறதா என்று மேலே கேட்டார்கள். இல்லை. ஆய்வகத்தைக் காட்டுங்கள், பிரிவைத் தருகிறோம் என்றார்கள். அது நியாயமான பேச்சு. ஒரு அறை, கடப்பாக் கல் பதித்த நான்கைந்து மேசை, தண்ணீர்க் குழாய், கதவுக்கு ஒரு பூட்டு. எங்களுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

என் தங்கைக்கு அந்த அறையின் மேல் தனிக் கண் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவுக்கு மயக்கம் வந்து திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, ரத்தம் எடுக்கிற இடத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அக்காவைப் பார்த்திருக்கிறாள். அந்த அக்கா எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டே, ஊசி குத்தும்போது மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசினாராம். "அண்ணே, அந்த அக்காவுக்கு என்ன படிச்சிருக்கணும்?" என்று அன்று கேட்டவள், அதற்குப் பிறகு அதைவிட்டு இறங்கவே இல்லை. பிளஸ் டூவில் அறிவியல் படித்தால் லேப் டெக்னீஷியன் படிப்புக்குப் போகலாம் என்று நான்தான் விசாரித்துச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் எதையும் விசாரித்துச் சொல்கிறவன் நான்தான். கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். இப்போது திண்டுக்கல்லில் ஒரு கட்டுமானப் பொருள் கடையில் பில் போடுகிறேன்.

திருப்பூரார் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டித் தருகிறேன் என்று சொன்ன செய்தி வந்தபோது, என் தங்கை அம்மாவுக்கு ஒத்தாசையாகப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நாரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றாள். வேறொன்றும் செய்யவில்லை, நின்றாள், அவ்வளவுதான்.

அன்றைய கூட்டம் பத்து மணிக்கு என்று பேச்சு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். திருப்பூரார் வண்டி வந்து சேரவே நேரமாகிவிட்டது. அந்தப் பெண் மடிக்கணினியை எடுத்து, சுவரில் படம் காட்டுகிற கருவியைப் பொருத்தும்போது மின்சாரம் போனது. தலைவியின் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெற்றிலைத் தட்டைப் பார்த்தார்.

"நேரம் முடியப்போகுது. மொதல்ல வெத்தலைய எடுத்துக்கிருவோம். படம் எங்கிட்டுப் போகுது, பெறகு பாத்துக்கிருவோம்."

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பொதுக்காரியம் எதுவானாலும் வெற்றிலைத் தட்டு சுற்றிவரும். தட்டிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்தவர் சம்மதம் சொல்லிவிட்டார். கையெழுத்து, கைதூக்கல் எதுவும் கிடையாது. எடுத்த பிறகு மாற்றிப் பேசுவது, நிச்சயம் பண்ணிய பெண்ணை வேண்டாம் என்பதற்குச் சமம். அதனால் வழக்கமாக எல்லாம் பேசி, சண்டை போட்டு, தொண்டை வறண்ட பிறகுதான் தட்டு வரும். அன்று மட்டும் நல்ல நேரம் தட்டை முன்னால் தள்ளிவிட்டது.

பள்ளிக்கூடம் கட்டுவதற்கு யார் மறுப்பு சொல்லப்போகிறார்கள்? எல்லோரும் எடுத்தார்கள். அப்பா எடுத்தார். தலைக்கட்டுக்கு இரண்டாயிரத்து ஐநூறு ஊர்ப் பங்கு என்று தலைவியின் கணவர் அறிவித்தார். மீதி முழுக்கத் திருப்பூரார். தட்டு என்னிடம் வரவில்லை. நான் தலைக்கட்டு இல்லை, கல்யாணம் ஆகாதவன்.

ராகு காலம் தொடங்கிச் செத்த நேரத்தில் மின்சாரம் வந்தது. சுவரில் படம் விழுந்தது.

அழகான படம். அதில் பொய் சொல்ல மாட்டேன். உயரமான கூரை, அதில் வெளிச்சம் இறங்குகிற கண்ணாடி போன்ற தகடு. மூன்று பக்கம் சுவரே இல்லை. நடுவில் ஒரு மேட்டிலிருந்து இறங்கி வருகிற மாதிரி அகலம் அகலமான படிகள், படிகளில் மரப்பலகை, பலகை மேல் வண்ண மெத்தைகள். மெத்தையில் சாய்ந்தபடி சிரிக்கிற பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் ஒருவர்கூட எங்கள் நிறத்தில் இல்லை.

"இதை லேர்னிங் ஸ்டெப்ஸ்னு சொல்வோங்க," என்றார் அந்தப் பெண். "பசங்க இங்க உக்காந்து படிக்கலாம், பேசலாம், நாடகம் போடலாம். ஸ்கூலோட இதயம் மாதிரி. எல்லாரும் ஒண்ணா கூடுற இடம். இப்ப நல்ல ஸ்கூல் எல்லாத்துலயும் இப்படித்தாங்க கட்டறாங்க."

"எங்க பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்துல இதான் இருக்கு," என்றார் திருப்பூரார். "அம்புட்டு அழகு. நம்ம புள்ளைகளுக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?"

கைதட்டினார்கள். நானும் தட்டிவிட்டு எழுந்தேன்.

"மேடம், இதுல லேப் எங்க இருக்கு?"

அவர் மூலையில் ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டினார். பொருட்கள் வைக்கிற அறை. "லேப்னு தனியா இந்த பட்ஜெட்ல வரலைங்க. ஆனா இந்த ஸ்பேஸ் ரொம்ப ஃப்ளெக்ஸிபிள். எதுக்கு வேணும்னாலும் யூஸ் பண்ணிக்கலாம்."

"ஆசிட்ட எங்க வைக்கிறது மேடம், மெத்தையிலயா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவரை நோகடிக்க நான் எழவில்லை. மெதுவாகக் கேட்டேன்: "அந்தக் கூடத்தச் சின்னதாக்கி, அந்தக் காசுல ரெண்டு ரூம் போட முடியாதா?"

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அது ரெண்டாவது கட்டத்துல பாத்துக்கலாம் தம்பி. மொதல்ல நல்லது ஒண்ணு நடக்கட்டும்."

தலைவியின் கணவர்தான் முடித்துவைத்தார். என்னிடம் பேசவில்லை, அப்பாவிடம் பேசினார். "என்னப்பு, நீ மடியில வெத்தலைய முடிஞ்சு வச்சிருக்க, ஒம் மகன் கேள்வி கேக்குறான்? ஒரே வீட்டுல ரெண்டு பேச்சா?"

அப்பா மடியைத் தொட்டுப் பார்த்தார். "ஏலே, உக்காரு," என்றார்.

உட்கார்ந்தேன்.

அப்பா என்னோடு வீட்டுக்கு நடந்தார். ஊர் எல்லைக்கு வந்ததும் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "கூடுறதுக்கு எடம் கட்டுறாகளாம்ல," என்றார். "நமக்குக் கூடுறதுக்கா எடம் இல்ல? மந்த இருக்கு. சாவடி இருக்கு. டீக்கடையில பெஞ்சு கெடக்கு."

"இத அங்க சொல்லியிருக்கலாம்லப்பா."

"வெத்தலைய எடுத்தாச்சே," என்றார்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் அவர் பேச்சில் பாதிதான் இருந்தது. மறுபாதி எனக்குத் தெரியும். எங்கள் வீடு ஒரே அறை. அதில்தான் அடுப்பு, அதில்தான் டிவி, அதில்தான் அப்பாவின் இருமல், பூக் கட்ட வருகிற பெண்களின் பேச்சு. பக்கத்து வீட்டில் வெஞ்சனத்துக்கு உப்புக் கூடிப்போனால் எங்களுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து நான் கூடியேதான் இருந்திருக்கிறேன். பிளஸ் டூ படித்தபோது (வேறு ஊரில், கணக்கும் கணினியும்) அங்கிருந்த காவலாளி, மாலையில் விளையாட்டுச் சாமான் அறையின் சாவியைத் தருவார். பந்து வாசமும் சுண்ணாம்புத் தூளும் நிறைந்த அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்துவேன். சாத்தியதும் ஒரு அமைதி வரும் பாருங்கள், அதற்கு முன்னால் அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. படித்தது அதற்குள்தான். பள்ளிக்கூடம் எனக்குக் கொடுத்த மிகப் பெரிய பொருள் எது என்று கேட்டால், அந்தக் கதவைத்தான் சொல்வேன்.

திருப்பூராரின் பேரனுக்கு வீட்டில் தனி அறை இருக்கும். குளிர்சாதனம் இருக்கும். அந்தப் பையனுக்கு நாலு பேரோடு உட்கார ஒரு படிக்கட்டு வேண்டியிருக்கலாம். அங்கே அது பொருத்தம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து எழுகிற பிள்ளைகளிடம், 'இந்தாருங்கள், நீங்கள் ஒன்றாக உட்கார இடம்' என்று கொடுத்தார்கள். இதைக் கூட்டத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தாலும் வெற்றிலை எடுத்தாயிற்று.

மாசி மாதத்தில் அஸ்திவாரம் தோண்டினார்கள். ஊர்ப் பங்குக்கு அப்பா ஒரு கிடாயை விற்றார். சாமிக்கு விட்ட கிடாய். "பள்ளிக்கூடமும் கோயில்தானே," என்று அம்மா சமாதானம் சொன்னாள். சொல்லும்போது கிடாயின் கயிற்றை விடவில்லை. கூரைத் தகடு எங்கள் கடையிலிருந்து போகவில்லை. எங்கள் முதலாளி அப்படிப்பட்ட சரக்கை விற்றதே இல்லை. வெளியூரிலிருந்து நீளமான வண்டியில் வந்தது. அந்தத் தகட்டுக்கும் அதைத் தாங்குகிற இரும்புக்கும் ஆன செலவில் மூன்று வகுப்பறை எழும்பியிருக்கும் என்று முதலாளி சொன்னார். "அவரு காசு, அவரு போடுறாரு, நமக்கென்ன?" என்று அவரே முடித்துக்கொண்டார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் முடித்துக்கொண்டார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும் என்று அதைப் பற்றிப் பேச வெட்கப்பட்டார்கள்.

என் தங்கை பத்தாம் வகுப்பில் தேறினாள். அறிவியலில்தான் அதிக மதிப்பெண். ஜூன் மாதம் கூடத்துக்குக் கூரை ஏறிக்கொண்டிருந்தபோது சேர்க்கை நடந்தது. ஆய்வகம் இல்லை, ஆகவே பிரிவு இல்லை. அடுத்த அறிவியல் பிரிவு பஸ்ஸில் போக வேண்டிய தூரத்தில் இருந்தது. சாயங்கால பஸ் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து ஊருக்குள் வர, கருவேலங்காட்டை ஒட்டி ஒரு பாதை.

நான் அப்பாவிடம் பேசினேன். பிளஸ் ஒன்னில் சைக்கிள் கொடுப்பார்கள், மெயின் ரோட்டுக் கடையில் நிறுத்திக்கொள்ளலாம், காலையில் நான் வண்டியில் விடுகிறேன். எல்லாம் சொன்னேன்.

"அனுப்ப மாட்டேன்னு நான் சொன்னேனா?" என்றார் அப்பா. "கூட ஒரு புள்ள வந்தா அனுப்புறேன். தனியா எப்பிடி?"

அது எனக்கு நியாயமாகப் பட்டது. அறிவியல் கேட்ட பெண் பிள்ளைகள் ஊரில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று வீட்டுக்கும் போனேன்.

முதல் வீட்டில், "ஒங்க தங்கச்சி போகுதா? போனாச் சொல்லுங்க தம்பி, எங்க புள்ளையும் கூட வரும்," என்றார்கள்.

"எங்கப்பா, கூட ஒரு புள்ள வந்தா அனுப்புறேங்குறாரு."

"அதான் நாங்களும் சொல்லுறோம். ஒங்க வீட்டுல மொதல்ல சேருங்க."

இரண்டாவது வீட்டிலும் அதே பேச்சு. மூன்றாவது வீட்டில் அந்தப் பிள்ளையின் அம்மா மட்டும் இருந்தார். "நாலு புள்ளையும் சேந்து போனா எங்களுக்கென்ன பயம்?" என்று சிரித்தார். "யாரு மொதல்ல பீஸ் கட்டுறதுன்னு சொல்லு."

நால்வரையும் ஒரே நாளில், ஒரே பஸ்ஸில் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். ஒவ்வொரு வீட்டிலும் சரி என்றார்கள். மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் நானும் என் தங்கையும் நின்றோம். அப்பா வந்து பார்த்தார். வேறு யாரும் வரவில்லை. ஒரு வீட்டில் காய்ச்சல், ஒரு வீட்டில் அப்பன் ஊரில் இல்லை, ஒரு வீட்டில் "நீங்க போயிட்டு வாங்க, நாங்க நாளைக்கு வாரோம்." பஸ் வந்தது, நின்றது, போனது. அப்பா தங்கையின் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார்.

அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். மறுநாள் எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்குப் பதிவியலில் சேர்ந்தாள். மற்ற மூவரும் அதே வகுப்பில்தான் சேர்ந்தார்கள். நான்கு பேரும் ஒரே பெஞ்சில். அங்கே போக யாருக்கும் துணை தேவைப்படவில்லை.

திறப்பு விழா ஆகஸ்டில். பிள்ளைகளைப் படிகளில் உட்காரவைத்து, மேலே ஒரு ட்ரோன் பறந்து படம் எடுத்தது. ஆளுக்கொரு புத்தகம் கையில் கொடுத்தார்கள், படிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று. என் தங்கையின் கையில் ஐந்தாம் வகுப்புச் சமூக அறிவியல் இருந்தது. பந்தலுக்குப் பக்கத்தில் திருப்பூரார் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீதான அன்னைக்கு லேப்பு கேட்டவன்? பாரு, எப்பிடி இருக்கு?"

"நல்லாருக்குங்கய்யா."

"நான் இந்தப் பள்ளிக்கூடத்துல புளியமரத்தடியிலதான்ப்பா படிச்சேன். காத்து சும்மா ஜிலுஜிலுன்னு வரும். அந்தச் சொகம் நம்ம புள்ளைகளுக்குக் கெடைக்கணும்னு நெனச்சேன்."

கண் கலங்கியிருந்தது அவருக்கு. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் மனசறிந்து எங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. மரத்தடியில் படித்ததால்தான் எட்டாவதோடு நின்றுபோனார் என்பதும், அதைச் சுகம் என்று நினைக்க அவருக்கு இத்தனை வருடமும் இவ்வளவு பணமும் ஆகியிருக்கின்றன என்பதும் அவருக்குத் தோன்றவே இல்லை. "ஒரு ரூம் மட்டும் போட்டுக் குடுத்துட்டீங்கன்னா..." என்று ஆரம்பித்தேன். யாரோ மாலையோடு வந்து அவரைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

பிறகு அந்தக் கூடம் என்ன ஆனது என்பதை என் தங்கை தினமும் வீட்டில் சொன்னாள். இரண்டு வகுப்புகளை அங்கே உட்காரவைத்தால் ஆங்கில ஆசிரியையின் குரலும் வரலாற்று ஆசிரியரின் குரலும் ஒன்றோடொன்று மோதும். "இன்னைக்கு அசோகர் ஆக்டிவ் வாய்ஸ்ல போருக்குப் போனாருண்ணே," என்பாள். ஐப்பசி மழை மூன்று பக்கத்திலிருந்தும் அடித்தது. மெத்தைகள் ஊறி, காயவைத்து, நாற்றம் எடுத்து, சத்துணவு அறையின் பின்னால் போய்க் கிடந்தன. பங்குனி பிறந்ததும் கூரைத் தகடு வெயிலை வடிகட்டாமல் இறக்கியது. மத்தியானம் படியில் உட்கார முடியாது. ஆடுகளுக்குத்தான் அந்தப் படி மிகவும் பிடித்துப்போனது. உயரத்தில் ஒன்று, அதற்குக் கீழே ஒன்று என்று வரிசையாகப் படுத்து அசைபோடும். "எங்களவிட ஒழுங்கா உக்காருதுக," என்பாள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. சாயங்காலம் அங்கே காற்று வரும். பூ எடுத்துக் களைத்த பெண்கள், குழுக் கடன் கூட்டத்தை அங்கே வைத்துக்கொண்டார்கள். அம்மாகூட, "கொள்ளக் காத்துடா," என்றாள். வெளியூரிலிருந்து கார்களில் வந்து பார்த்துப் படம் எடுத்துப் போனவர்களும் உண்டு. மாதிரிப் பள்ளி என்று யாரோ எழுதினார்களாம். கார்கள் எல்லாம் காலையிலோ மாலையிலோதான் வந்தன. மத்தியானம் ஒன்றும் வரவில்லை.

மறு வருடம் சித்திரையில் இரண்டாவது கூட்டம். இந்த முறை தலைமையாசிரியரே பேச்சை எடுத்தார். ஆய்வகம் இல்லாவிட்டால் அறிவியல் பிரிவு இனி எப்போதும் வராது. புதிதாகக் கட்டப் பணமில்லை. கூடத்தின் ஒரு பாதிக்குச் சுவர் எழுப்பி அறையாக்கிக்கொள்ளலாமா? திருப்பூரார் வரவில்லை, உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். வடிவமைத்த பெண்ணிடமிருந்து தலைமையாசிரியரின் கைபேசிக்குக் குரல்செய்தி வந்திருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி அதை வைத்தார். "சார், தயவுசெஞ்சு சுவர் வைக்காதீங்க. அந்த ஓபன் ஃபீல் போயிடும். அதுதாங்க சார் அந்தக் கட்டடமே." குரல் நடுங்கியது. அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். தன் கையால் வரைந்ததை யாராவது இடித்தால் நானும் அப்படித்தான் வருத்தப்பட்டிருப்பேன்.

"அந்தப் புள்ள சொல்லுறது என்னன்னு வெளங்குதா?" என்று ஒருவர் கேட்டார்.

"காத்து வராதுங்குது," என்றார் இன்னொருவர்.

"காத்தையும் மார்க்கையும் சேத்துக் கேட்டா எப்பிடி?" என்றார் தலைவியின் கணவர். போன வருடம் என்னை உட்காரச் சொல்லவைத்தவர். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

தலைக்கட்டுக்கு ஆயிரத்து ஐநூறு. இந்த முறை தட்டு கடைசியில்தான் வந்தது. கொத்தனார் தரையில் கரிக்கட்டியால் கோடு போட்டுக் காட்டி, சுவர் எங்கே, ஜன்னல் எங்கே, குழாய் எங்கே, மேலே தகட்டுக்கு அடியில் வெயிலுக்கு என்ன போடுவது என்று எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு வந்தது. அப்பா எடுக்குமுன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? இரண்டாவது தடவைக்கு விற்கக் கிடாய் இல்லை. என் சம்பளத்திலிருந்து கொடுத்தோம்.

கோடை விடுமுறையில் சுவர் எழும்பியது. சிமெண்டு, கடப்பாக் கல், குழாய் எல்லாம் எங்கள் கடையிலிருந்துதான் போயின. பில் நான்தான் போட்டேன். ஆய்வகத்தை வந்து பார்த்துவிட்டு, வருகிற பிளஸ் ஒன்னுக்கு அறிவியல் பிரிவு உண்டு என்றார்கள். வருகிற பிளஸ் ஒன்னுக்கு. என் தங்கை பிளஸ் டூவுக்குப் போகிறாள். நடுவில் பிரிவு மாற முடியாது. மறுபடி ஒரு வருடம் பின்னால் போய்ச் சேர்கிறாயா என்று ஒருநாள் கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். "வேண்டாம்ண்ணே," என்றாள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, பூவை ஏஜெண்டிடம் போட்டுவிட்டு வருகிற வழியில், வண்டியைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திருப்பச் சொன்னாள். புதுச் சுவருக்கு இன்னும் வெள்ளை அடிக்கவில்லை. படிகளில் பாதி சுவருக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் நின்றன. உள்ளே மாட்டிக்கொண்ட படிகளில் குடுவைகளை அடுக்கலாம் என்று கொத்தனார் யோசனை சொல்லியிருக்கிறார். வெளியே நின்ற படிகளில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன.

கதவு தேக்கு இல்லை, தகரக் கதவு. அவள் திறந்தாள். உள்ளே போனாள். சாத்தினாள். நான் வெளியே நின்றேன். அவள் உள்ளே என்ன பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு சத்தமும் இல்லை. குழாயை ஒருமுறை திறந்து மூடியது மட்டும் கேட்டது.

வெளியே வந்து, செருப்பில் ஒட்டிய சிமெண்டுத் தூளைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:

"ஊருல எத்தன தலக்கட்டுண்ணே?"

"நூத்தி அறுபது."

"மொதத் தடவ ரெண்டாயிரத்தி ஐநூறு. இப்ப ஆயிரத்தி ஐநூறு." அவளுக்குத் தாளோ பேனாவோ தேவைப்படவில்லை. ஒரு வருடமாக அதைத்தானே படிக்கிறாள். "திருப்பூராரு போட்டத விட்டுருவோம், அவரு காசு. என்னையும் சேக்க வேணாம். இந்த ரூமுக்கு ஊரு மட்டும் குடுத்தது..."

வண்டியில் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஆறு லட்சத்தி நாப்பதாயிரம்."